குளிர்காலக் குளம்பும் கோடைக்காலப் புல்லும்



நம் நாட்டு உழவர் அறுவடை முடிந்ததும் வைக்கோற்போர் போட்டு, கால்நடைகளுக்குத் தீவனம் சேமிப்பதை நாம் அறிவோம். இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளிலும் இத்தகைய சேமிப்பு உண்டு. ஆனால் அங்கே தீவனப் பஞ்சம் ஏற்படுவது கோடையில் அன்று, குளிர்காலத்தில்தான். மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் புல்லின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. எனவே ஜூன், ஜூலை மாதங்களில் புல்லை அறுத்து, வெயிலில் உலர்த்திச் சேமிக்கின்றனர். இதுவே உலர்புல் ஆகும். வைக்கோல் என்பது கதிரடித்தபின் எஞ்சும் தாள். உலர்புல்லோ பசுமையாக இருக்கும்போதே அறுக்கப்படுவதால் சத்து மிகுந்தது.

குதிரை வளர்ப்போர் பலரிடம் நிலம் குறைவு. கோடையில் உலர்புல் தரும் வயலிலேயே குளிர்காலத்தில் குதிரைகளை மேயவிட வேண்டிய நிலை அவர்களுக்கு உண்டு. ஒரே வயல் இவ்விரு பணிகளையும் செய்யுமா? செய்யும். ஆனால் குளிர்காலத்தில் காட்டும் கவனமே கோடையின் விளைச்சலை முடிவு செய்கிறது. அதன் காரணங்களைக் காண்போம்.

பல்லும் குளம்பும்

பசுவிற்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது நாக்கால் புல்லைச் சுற்றி இழுத்துப் பறிக்கிறது. குதிரைக்கோ மேலும் கீழும் முன்பற்கள் உண்டு. அதனால் மண்ணை ஒட்டிப் புல்லைக் கத்தரித்துவிட அதனால் முடியும். மேலும், நாளின் பெரும்பகுதியைக் குதிரை மேய்ச்சலிலேயே கழிக்கிறது. கோடையில் கடித்த புல் விரைவில் துளிர்க்கும். குளிர்காலத்தில் அது துளிர்ப்பதில்லை. அடித்தண்டுவரை மேய்ந்துவிட்டால், வசந்த காலத்தில் தழைப்பதற்குப் புல்லிடம் வலு இராது.

இதனினும் பெரிய கேடு குளம்பால் விளைவது. சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை மழையில் ஊறிய களிமண் நிலத்தில் நடந்தால் வேர்கள் நசுங்குகின்றன; மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் நீர் உள்ளே இறங்காது தேங்கும். தேங்கிய இடத்தில் நல்ல புல் அழிந்து, வெற்றுத்தரை உண்டாகும். வாயிலருகிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் குதிரைகள் கூடி நிற்பதால் அவ்விடங்களே முதலில் சேறாகின்றன.

நச்சுச் செடி

வெற்றுத்தரை நெடுநாள் வெறுமையாக இருப்பதில்லை. களைகள் அங்கே குடியேறும். அவற்றுள் கொடியது ராக்வொர்ட் எனப்படும் மஞ்சள் பூச்செடி. பச்சையாக இருக்கும்போது அதன் கசப்பினால் குதிரைகள் பெரும்பாலும் அதை ஒதுக்கிவிடும். உலர்ந்தபின் கசப்பு குறைகிறது. நஞ்சு மட்டும் அப்படியே இருக்கிறது. உலர்புல்லோடு கலந்துவிட்டால் குதிரை வேறுபாடு அறியாமல் தின்றுவிடும். அந்நஞ்சு சிறுகச் சிறுக ஈரலைக் கெடுக்கிறது. நோயின் அறிகுறி வெளிப்படும்போது காலம் கடந்திருக்கலாம். பனியில் மிதிபட்ட ஒரு சிறு இடம் அடுத்த ஆண்டு உணவில் நஞ்சாக வரக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இலத்தியை அகற்றுதல்

இலத்தி விழுந்த இடத்தின் அருகே குதிரை மேய்வதில்லை. ஆகவே வயலில் சில இடங்கள் மொட்டையாகவும், சில இடங்கள் முற்றிய புல்லோடும் காணப்படும். இலத்தியிலுள்ள புழு முட்டைகள் பொரித்து, இளம்புழுக்கள் புல்லில் ஏறுகின்றன. குளிரைத் தாங்கி அடுத்த வசந்தம்வரை உயிர்வாழும் புழுக்களும் உண்டு. எனவே இலத்தியை அவ்வப்போது அள்ளி அகற்றுதல் நன்று. ஈரமான நாளில் அதைப் பரம்படித்துப் பரப்பினால் புழுக்களே வயலெங்கும் பரவும்.

செய்ய வேண்டுவன

1. அறுவடைக்குப்பின் தழைத்த புல்லை, தரை கெட்டியாக இருக்கும் இலையுதிர் காலத்திலேயே மேயவிட வேண்டும்.

2. தரை சேறாகத் தொடங்கியதும் குதிரைகளை அகற்றிவிட வேண்டும். இதற்கென ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அங்கே உலர்புல் இட்டு வளர்க்கலாம். அப்பகுதி கெடினும் மற்ற வயல் பிழைக்கும்.

3. வசந்த காலத் தொடக்கத்தில் வாயிலை மூடிவிட வேண்டும். மண் ஓரளவு உலர்ந்தபின் பரம்படித்து, எலிவளை போன்ற மண்மேடுகளைச் சமப்படுத்த வேண்டும். இல்லையேல் அறுவடையில் மண் கலந்துவிடும்.

ஒரு சிறு கணக்கும் பார்ப்போம். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ உலர்புல் தேவை. 150 நாட்களுக்கு 1,500 கிலோ, அதாவது ஒன்றரை டன். குளிர்காலத்தில் வயலைப் பாழாக்கியவர் இதனை விலை கொடுத்து வாங்க நேரிடும்.

பழைய ஊர்க் கட்டுப்பாடு

இவ்வறிவு புதியதன்று. தேம்ஸ் நதிக்கரையில் கிரிக்லேடு என்ற சிறுநகரில் நார்த் மெடோ எனும் பொதுப் புல்வெளி உள்ளது. கோடையில் உலர்புல் அறுத்தபின் ஆகஸ்டு 12 முதல் பிப்ரவரி 12 வரை மட்டுமே அங்குக் கால்நடைகளை மேய்க்கலாம் என்பது வழிவழி வந்த உரிமை. இந்த நாட்கள் எப்படி வந்தன? புதுக் கோதுமை அப்பத்தைக் கோவிலில் படைக்கும் ஆகஸ்டு முதல் நாள் விழாவும், மெழுகுதிரிகளை மந்திரிக்கும் பிப்ரவரி 2ஆம் நாள் விழாவுமே பழைய எல்லைகள். 1752இல் இங்கிலாந்து நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களை நீக்கியபோது, மேய்ச்சல் உரிமையோ பழைய கணக்கையே பின்பற்றியது.

பிப்ரவரியில் வாயில் மூடப்படுவதால், ஏப்ரலில் அங்கே பாம்புத்தலை மலர் எனப்படும் அரிய ஊதாநிறப் பூக்கள் தடையின்றிப் பூக்கின்றன. அவை விதை உதிர்த்தபின்னரே புல் அறுக்கப்படுகிறது. 1973ஆம் ஆண்டு முதல் அவ்வெளி தேசிய இயற்கைக் காப்பிடமாக விளங்குகிறது.

தோழியரே! பசித்த குதிரைக்கு இன்னும் சில நாள் வயலைத் திறந்துவிடுவது இரக்கமாகத் தோன்றலாம். உரிய நாளில் வாயிலை அடைப்பதே உண்மையான இரக்கம். ஏனெனில் அடுத்த குளிர்காலத்திலும் அதே குதிரைக்குப் பசிக்கும்.