ஊர் நமக்காக லீவு போடாது

ஜூலை பிறந்ததும் துபாயில இந்தியன் ஸ்கூல் எல்லாம் பூட்டிடுவாங்க. ஆனா ஸ்கூல் மூடின கையோட ஊருக்கு ஃப்ளைட் ஏறுற யோகம் எல்லா வீட்டுக்கும் கிடையாது. அந்த வாரத்து டிக்கெட் விலையைப் பார்த்தாலே அப்பாவோட முகம் மாறிடும். "கூட்டம் கொஞ்சம் வடியட்டும், எனக்கும் லீவு சாங்ஷன் ஆகட்டும், மாசக் கடைசியில போகலாம்" என்பார். ஆக, பத்தாவது படிக்கிற என் அருமைத் தங்கச்சிக்கு ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பல வாரம் வெறுமனே கிடக்கு. வெளியில 45 டிகிரி, உள்ள ஏசி, சோபா, போன். அம்மா திட்டுறதும் நீ முறைக்கிறதும் திருச்சி ஹாஸ்டல்ல இருக்கிற எனக்கே கேட்குது.

உனக்கும், உன்னை மாதிரி வளைகுடாவுல உட்கார்ந்து நாள் எண்ணிக்கிட்டிருக்கிற மத்த பிள்ளைங்களுக்கும் முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நமக்கு லீவுன்னா ஊருக்கும் லீவு இல்லை. தமிழ்நாட்டுல கோடை விடுமுறை ஏப்ரல் கடைசி, மேயோட சரி. ஜூன்ல ஸ்கூல் திறந்துடும். நீ பெட்டியை உருட்டிக்கிட்டு கும்பகோணத்துக்கு வந்து சேர்றப்போ சித்தப்பா பிள்ளைங்க யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வேன் பிடிக்க ஓடிக்கிட்டிருப்பாங்க. செப்டம்பர்ல அவங்களுக்குக் காலாண்டுப் பரீட்சை. "வந்து நாலு நாள் ஆச்சு, யாருமே என்கூட பேசலை"னு நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறது இதனாலதான். தப்பு அவங்க மேலயும் இல்லை, உன் மேலயும் இல்லை. ரெண்டு காலண்டர், அவ்வளவுதான்.

அதனால இந்த வாரமே ஒரு வேலை பண்ணு. அவங்க டைம்டேபிளைக் கேட்டு வாங்கு. எந்தெந்த நாள் டியூஷன், எந்த சனிக்கிழமை ஸ்கூல் உண்டு, யூனிட் டெஸ்ட் எப்போ, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டு. அப்பா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அதைக் காட்டு. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 இல்லைன்னா 3-ஆம் தேதி வரும். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்து இறங்கினா காவிரிக் கரையில எல்லாரோடவும் நிக்கலாம். சித்திங்க எல்லாம் காதோலை கருகமணி வெச்சுக் கும்பிட்டு மஞ்சக் கயிறு மாத்திப்பாங்க. சித்ரான்னம் கட்டி எடுத்துக்கிட்டு வருவாங்க. ஆத்துல தண்ணி ஓடுதான்னும் தாத்தாகிட்டே கேட்டு வை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல திறக்கிறது வழக்கம். அது ஒழுங்கா நடந்த வருஷம்னா கரை புரளும். நடக்கலைன்னா மணல்லதான் பூ போடணும்.

போன் பண்றதுக்கும் நேரம் பார்க்கணும். அங்கேயிருந்து வாட்ஸ்அப்ல பேச முடியாதுன்னு உனக்குத் தெரியும், பாட்டிக்கு போட்டிம் ஆப் போட்டுக் கொடுத்ததே நாமதான். ஊர் மணி துபாயைவிட ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஓடுது. அவங்க சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்கு வந்து பையை வீசுறப்போ உனக்கு மணி மூணு. பேச அதுதான் நல்ல நேரம். ராத்திரி பதினொண்ணுக்கு நீ கூப்பிட்டா ஊர்ல பன்னெண்டரை. பாட்டி பதறிப் போய் எழுந்திருப்பாங்க.

இந்த ஒன்றரை மணி நேரத்துல இன்னொரு சங்கதியும் இருக்கு. நீ இப்ப விடிகாலை மூணு மணி வரைக்கும் முழிச்சிருக்கே, அம்மா சொன்னாங்க. பாட்டி அஞ்சு மணிக்கு வாசல் தெளிக்கிறப்போ உன் உடம்புக்கு மணி மூணரை. அதாவது நீ அப்பதான் கண்ணை மூடியிருப்பே. கோலம், பால்காரர், கோயில் மணி, வாசல்ல வர்ற கீரைக்காரம்மா, காலையிலேயே பார்க்க வர்ற சொந்தக்காரங்க, இத்தனையும் தாண்டித் தூங்கி, பத்து மணிக்கு எழுந்து வந்தா வீடே காலியாயிருக்கும். ஊருல பார்க்க வேண்டியதெல்லாம் ஒன்பதுக்குள்ள முடிஞ்சிடுது. கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியிருந்தே தூங்கற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி இழு. ஒரே ராத்திரியில மாத்தறேன்னு வீம்பு பிடிக்காதே, நடக்காது. ஏசியையும் 18-லேருந்து மெல்ல 24, 25-க்கு ஏத்து. ஊர்ல ஆடிக் காத்து அடிக்கும், ஆனா கரண்ட் போற நேரமும் உண்டு.

பகல்ல என்ன பண்றதுன்னு கேட்பே. வெயிலுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல அளவுகோல் அரசாங்கம் போட்டதுதான். ஜூன் 15-லேருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் பன்னெண்டரையிலேருந்து மூணு மணி வரைக்கும் வெட்டவெளி வெயில்ல பொதுவா வேலை வாங்கக் கூடாதுன்னு அங்கே சட்டம். வெயிலுக்குப் பழகின உடம்புக்கே அந்த நேரம் ஆகாதுன்னா, ஏசியிலேயே வளர்ந்த உனக்கு? காலையில போ, இல்லைன்னா பொழுது சாஞ்ச பிறகு போ.

போறதுக்கு இடமும் இருக்கு. குசைஸ்ல நம்ம வீட்டுப் பக்கத்துலயிருந்து கிளம்பற பச்சை லைன் மெட்ரோ, மாறாம நேரா ஜதாஃப் பக்கம் வரைக்கும் போகுது. அங்கே 2022-ல திறந்த முகம்மது பின் ராஷித் நூலகம், விரிச்சு வெச்ச புத்தகத் தாங்கி மாதிரி க்ரீக் ஓரமா நிக்குது. முன்கூட்டியே ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டா காசு இல்லாம உள்ளே போகலாம். உன் வயசுப் பிள்ளைங்களுக்குன்னே தனி நூலகப் பிரிவும் இருக்கு. மாணவர் நோல் கார்டுல பாதிக் கட்டணம்தான், மெட்ரோவுல பெண்களுக்குத் தனிப் பெட்டி, அம்மா தடை சொல்ல ஒண்ணுமே கிடையாது. திரும்பற வழியில தேராவுல இறங்கி, ஒரு திர்ஹாம் கொடுத்து ஆப்ரா ஏறி பர் துபாய்க்கு அக்கரை போ. ஊர்ல போய் "துபாய் எப்படி இருக்கும்?"னு சின்னப் பசங்க கேட்கிறப்போ புர்ஜ் கலீஃபா 828 மீட்டர்னு சொல்றதுல என்ன இருக்கு? அது அவங்களுக்கே தெரியும். மரப் படகுல அந்தக் கரைக்குப் போன கதை உன்கிட்டேதான் இருக்கும்.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒன்பதாவது வரைக்கும் அரபி கட்டாயம், ரெண்டாவது மொழின்னு இந்தி எடுத்தே, தமிழுக்கு இடமே இல்லாமப் போச்சு. உன்னைக் குத்தம் சொல்லலை. ஆனா வலமிருந்து இடமா அரபியை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு டவுன் பஸ் போர்டு ஒரு பெரிய விஷயமா? தமிழ்நாட்டுல சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல 2021-லேருந்து பெண்களுக்கு இலவசம். சில்லறை கூட வேண்டாம். போர்டைப் படிக்கத் தெரிஞ்சா தாராசுரமோ சுவாமிமலையோ சித்தி மகளோட நீயே போயிட்டு வரலாம், சித்தப்பாவோட பைக்குக்குக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்.

பாலர் பாடப் புத்தகத்தைக் கொடுத்தா நீ தொடமாட்டே, எனக்குத் தெரியும். தினத்தந்தி தலைப்புச் செய்தியை தினமும் நாலு படி. 1942-ல மதுரையில சி.பா. ஆதித்தனார் ஆரம்பிச்சப்பவே, அரைகுறையா எழுத்துக் கூட்டறவங்களுக்கும் புரியணும்னு பார்த்து எளிமையா எழுதின பத்திரிகை அது. சினிமாச் செய்தியிலேருந்து ஆரம்பி, ஒருத்தரும் கேட்கமாட்டாங்க. ரெண்டு வாரத்துல ண, ன, ந குழப்பத்தைத் தவிர மத்ததெல்லாம் வந்துடும். அந்தக் குழப்பம் எனக்கும் உண்டு.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடறேன், ஆனா இதைத்தான் நம்ம ஆளுங்க சுத்தமா கண்டுக்கிறதில்லை. "சொந்த ஊருக்குத்தானே போறோம்"னு ஒரு தைரியம். அப்பாவுக்கு அது சொந்தத் தண்ணி, நீ பொறந்து வளர்ந்தது துபாயில, உன் வயித்துக்கு அது புதுத் தண்ணி. டைஃபாய்டு தடுப்பூசி வேணுமான்னு டாக்டர்கிட்டே இப்பவே கேட்டுடுங்க. ஊசின்னா கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டாதான் பலன். கொசு க்ரீம் ஊர்லயே கிடைக்கும், வந்த முதல் நாள் சாயங்காலமே வாங்கிடு. கொசு கடிச்ச கால்ல பாட்டி மஞ்சள் பூசிவிட்டா பூசிக்கோ, ஆனா காய்ச்சல் வந்தா கஷாயத்தோட நிறுத்தாம டாக்டர்கிட்டே போகணும், டெங்கு இருக்கிற ஊர்.

டிரஸ் அங்கே வாங்காதே. ஆடி மாசம் கும்பகோணத்துக் கடைத்தெரு முழுக்கத் தள்ளுபடி போர்டுதான் தொங்கும். ஆடியில கல்யாணம் கிடையாதுங்கறதால டெய்லர் கையும் கொஞ்சம் ஓய்வா இருக்கும். ஆவணி பொறந்துட்டா கல்யாண பிளவுஸ் குவிஞ்சிடும், அப்புறம் "நாளைக்கு வாங்கம்மா"தான். ஆகஸ்ட் நடுவுல ஆவணி வந்துடும். அதனால வந்த ரெண்டு மூணு நாள்லயே துணி எடுத்துக் கொடுத்துடு. உனக்குச் சரியாப் பொருந்தற பழைய சுடிதார் ஒண்ணை அளவுக்குப் பெட்டியில வை.

பெட்டின்னதும் நினைவுக்கு வருது. வழக்கமா 30 கிலோ, கையில 7 கிலோ, இதுக்குள்ளதான் மொத்தச் சொந்தமும் அடங்கணும். ஒவ்வொருத்தருக்கும் என்ன வேணும்னு அம்மா கேட்டா "ஒண்ணும் வேண்டாம்மா"ம்பாங்க, அதை நம்பாதே. நீ தனியா கேளு, சொல்லுவாங்க. பாட்டிக்குக் கோடாலித் தைலம். தாத்தாவுக்குப் பேரீச்சம்பழம், விதை எடுத்தது, பல்லு இல்லை. சித்திக்குப் பால் பவுடர், டாங் ஜூஸ் பவுடர். இதெல்லாம் கும்பகோணத்துலயே கிடைக்கும்னு நீ வாதாடுவே. கிடைக்கும்தான். அவங்களுக்கு வேணும்கிறது துபாய்லேருந்து வந்த டப்பா, அது கடையில கிடைக்காது. சாக்லேட்டைக் கடைசி நாள் வாங்கி, துணிக்கு நடுவுல வை. திருச்சி ஏர்போர்ட்டிலேருந்து கும்பகோணம் ரெண்டரை மணி நேரம், கார் டிக்கியில உருகினா அத்தனையும் சட்டையிலதான்.

ஒண்ணு மட்டும் கோபத்தோட சொல்றேன். நீ போட்டுச் சலிச்ச டிரஸ்ஸை மடிச்சு "துபாய் டிரஸ்"னு சித்தி மகளுக்குக் கொண்டு வராதே. அவளுக்கும் உன் வயசுதான். கொடுக்கணும்னா புதுசா ஒரு கிளிப் போதும், ஒரு பேனா போதும்.

பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில போடக் கூடாது, கைப்பையிலதான் வெச்சுக்கணும், 100 வாட் மணிக்கு மேலயும் கூடாது. போர்வையை உருட்டிக் கயிறு கட்டின மூட்டையை துபாய் ஏர்போர்ட்ல ஏத்துக்கமாட்டாங்க, பெட்டிக்குத் தட்டையான பக்கம் இருக்கணும். அப்பாகிட்டே இதைப் பக்குவமா சொல்லு. தொங்கு தராசு ஒண்ணு வாங்கி வீட்டுலயே எடை போட்டுடுங்க, கவுன்ட்டர்ல பெட்டியைப் பிரிச்சு ஊறுகாய் பாட்டிலைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிற காட்சி நமக்கு வேண்டாம். எமிரேட்ஸ் ஐடி இருக்கான்னு பாரு, விசா ஸ்டிக்கர் ஒட்டறது 2022-லேயே நின்னு போச்சு, திரும்பி வர்றப்போ அந்தக் கார்டுதான் பேசும். பாஸ்போர்ட் தேதியையும் பாரு. சின்ன வயசுல எடுத்தது அஞ்சு வருஷம்தான் தாங்கும். 15 ஆயிட்டா பத்து வருஷப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம், உனக்கு இப்ப அந்த வயசு.

ஸ்கூல் அசைன்மென்ட்டை முடிச்சுட்டுக் கிளம்பு. புத்தகத்தைச் சுமந்துக்கிட்டு வராதே, வேண்டிய பக்கத்தை போட்டோ எடுத்துக்கோ. ஊர்ல படிப்பேன்னு நீ சொன்னா அம்மாகூட நம்பமாட்டாங்க.

பாட்டி இப்பவே திரும்பற பெட்டிக்குப் பொடி வறுக்க ஆரம்பிச்சிருப்பாங்க. கசகசா மட்டும் எதுலயும் போட வேண்டாம்னு அடுத்த போன்லயே சொல்லிடு, அங்கே அது தடை செஞ்ச பொருள், மசாலாவுல கலந்திருந்தாலும் வம்புதான். எனக்குன்னு நீ ஒண்ணும் வாங்க வேண்டாம். என் ரூம்ல நாலு பேர் இருக்கோம்னு மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு சாக்லேட் கணக்கைப் போடு.