கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும் கையுமாக வருகிறவர்களுக்கு

1. மொத்த எண்ணை மட்டும் பார்த்து அலறாதீர்கள். எல்.டி.எல். எவ்வளவு, ட்ரைகிளிசரைடு எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் பத்தியம் வேறு.

2. எல்.டி.எல். ஏறியிருந்தால் முதலில் அடுப்படிக்குப் போய் எண்ணெயைப் பாருங்கள். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைத் தயாரிப்பது உடம்புதான். ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து இழுத்துக்கொள்வது கல்லீரலின் வேலை. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் அந்த வேலை மந்தமாகிவிடும். நெய், வெண்ணெய், ஆட்டுக்கொழுப்பு, ரேஷன் பாமாயில், தேங்காய் எண்ணெய் எல்லாம் இந்த வகை. கடைசிப் பெயரைக் கேட்டதும் நாகர்கோவில்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, நெய்யைவிட அதிகம். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் 20 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். அவியலை இறக்கும்போது விடுகிற ஒரு ஸ்பூனை யாரும் பறிக்கவில்லை. அன்றாடத் தாளிப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செக்கில் ஆட்டியதால் கொழுப்பின் குணம் மாறிவிடாது.

3. பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படியாக இருந்ததில்லை.

4. முட்டையை முதல் குற்றவாளியாக நிறுத்துகிறார்கள். ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. ஆனாலும் பலருக்கு அதைவிட, கூடவே வரும் வெண்ணெயும் பரோட்டாவும்தான் வினை. சர்க்கரை நோயும் இருந்தால் எத்தனை முட்டை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

5. குறைப்பதை மட்டுமே பத்தியம் என்று நினைக்கிறீர்கள், சேர்க்கவும் வேண்டும். கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். புதிதாகச் சுரக்க, கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். இதற்கு ஓட்ஸ்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பார்லிக் கஞ்சி, வெண்டைக்காய், வெந்தயம், பஜ்ஜி வைத்த தட்டில் இனி சுண்டல்.

6. ட்ரைகிளிசரைடு ஏறியவர்களே, நெய்யை விட்டுவிட்ட பெருமையில் மூன்று கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். வெள்ளைச் சோறு, இனிப்பு, மது மூன்றும்தான் உங்கள் பிரச்சினை. மத்தி, அயிலை நல்லது, குழம்பாக.

7. வாட்ஸ்அப்பில் வந்த பூண்டுச் சாற்றை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால், ஆள் ஒல்லியாக இருந்தாலும் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். பத்தியம் மட்டும் போதாது. டாக்டர் அதை உறுதிசெய்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.