பற்று வரவும் தஸ்பீஹும்

கேள்வி: வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தொழுதுவிட்டு தஸ்பீஹ் மணி உருட்டினாலும் மனசு பற்று வரவிலேயே நிற்கிறது. திக்ரு (இறைநினைவு) செய்தால் நிம்மதி கிடைக்கும் என்கிறார்களே, எனக்கு ஏன் கிடைக்கவில்லை?
– வாசகர், பேகம்பூர், திண்டுக்கல்

பதில்: மண்டிக் கணக்கை மறந்தால்தான் திக்ரு என்று யார் சொன்னது? நபியவர்களின் மகள் ஃபாத்திமா அம்மையார், திருகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போய், வேலைக்கு ஓர் ஆள் கேட்டு வந்தார். ஆள் கிடைக்கவில்லை. படுக்கப்போகும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதும்படி நபியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாளும் அதே திருகைதான்.

மணியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். வலது கை விரல் கணுக்களில் எண்ணுங்கள், நபிவழியும் அதுதான். மணி தன்பாட்டுக்கு உருண்டுவிடும். கணுவில் பெருவிரல் அழுத்தி நகரும்போது நாக்கும் நிதானத்துக்கு வரும். உங்கள் பேட்டைப் பெரிய பள்ளிவாசலில் சுபுஹு தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடாமல் 5 நிமிடம் உட்காருங்கள். பாக்கிக்காரர் முகம் நடுவில் வந்தால் வரட்டும். விட்ட எண்ணிலிருந்து தொடருங்கள்.

குர்ஆனின் 13ஆம் அத்தியாயம் 28ஆம் வசனம் பேசுவது இறைநினைவால் வரும் உள்ளத்தின் அமைதியை. வெங்காய விலை இறங்காது என்ற உத்தரவாதம் அதில் இல்லை!

தூக்கமே பிடிக்காமல் வாரக்கணக்கில் போனால் டாக்டரையும் பாருங்கள். மருந்துக்கு மார்க்கத்தில் தடையில்லை.