போல்ட்டை இப்போதே பாருங்கள்

கேள்வி: ஐயா, இரும்புலியூரில் எங்களுடையது ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் பாதிக்கு இரும்புக் குழாய் நட்டு, தகர ஷீட் போட்டிருக்கிறோம். வாசலில் பெரிய குல்மோகர் மரம். அமெரிக்காவில் டொர்னாடோ வீடுகளைப் பிய்த்தெறிவதை வீடியோவில் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. மழைக்காலத்துக்குள் என்ன செய்யலாம்?
– வாசகி, இரும்புலியூர்

பதில்: அம்மா, டொர்னாடோ இடிமேகத்திலிருந்து இறங்கி, பெரும்பாலும் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும், தயாராக நேரம் தராது. நமக்கு வருவது வங்கக் கடல் புயல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதன் காலம். வானிலை மையம் சில நாள் முன்பே எச்சரிக்கும். ஆனால் அந்த நாட்களில் வெல்டர் கிடைப்பது கஷ்டம். அதனால் செப்டம்பருக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் ஷீட். பலத்த காற்று அதை மேலே இழுக்கும். பக்கவாட்டில் திறந்திருந்தால் அடியிலிருந்தும் தள்ளும். முதலில் கழல்வது ஓர வரிசைதான். துருப்பிடித்த ஜே போல்ட்டுகளை ரப்பர் வாஷரோடு மாற்றி, ஓரங்களில் நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். குழாயின் கால்கள் கைப்பிடிச் சுவரின் செங்கல்லில் நின்றால் பிடுங்கிக்கொள்ளும். கான்கிரீட்டில் பிடித்திருக்க வேண்டும். ஷீட்டின் மேல் செங்கல் அடுக்காதீர்கள். ஷீட் பறந்தால் அதுவும் பறக்கும்.

ஷீட்டின் நான்கு பக்கமும் பார்ப்பது அவசியம், புயலில் காற்றின் திசை மாறும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் சென்னையைக் கடந்தபோது காற்று அடங்கியது. பிறகு எதிர்த்திசையிலிருந்து வீசியது. அந்த இடைவெளியில் புயல் போய்விட்டது என்று நினைத்து யாரும் மாடிக்கோ தெருவுக்கோ போகக் கூடாது.

வர்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குல்மோகருக்கு வேர் ஆழமில்லை, கிளையும் எளிதில் முறியும். மரத்தை மொட்டையடிக்க வேண்டாம்; காய்ந்த, வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளைகளை மட்டும் எடுத்து, காற்று ஊடுருவும்படி கவிகையை இளக்குங்கள். அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் போட்டிருந்தால் உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். மரம் தெருவில் நின்றால் தாம்பரம் மாநகராட்சியில் மனு கொடுங்கள்.

எச்சரிக்கை வந்ததும் தண்ணீர்த் தொட்டியை நிரப்புங்கள். 1000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. காலித் தொட்டி உருண்டுவிடும். பூந்தொட்டி, நாற்காலி, பழைய பலகை எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். மாடி மழைநீர்க் குழாயில் அடைத்த இலையை எடுங்கள். 2015 டிசம்பர் 1 காலை முதல் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது, அப்படியொரு மழையில் வடியாத மாடி குளமாகிவிடும். தரைத்தள இன்வெர்ட்டரையும் பத்திரங்களையும் மேலே ஏற்றுங்கள். வண்டியை மரத்தடியில் விடாதீர்கள்.

அறுந்த கம்பியைக் கண்டால் விலகி நின்று, மின்வாரியத்தின் மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

கடைசியாக ஒன்று: அக்கம்பக்கத்து மாடிகளையும் பாருங்கள். உங்கள் ஜன்னலை உடைப்பது எதிர்வீட்டுத் தகரமாகவும் இருக்கலாம். வெல்டரை வரவழைக்கும் அன்று நாலு வீட்டாரையும் சேர்த்துக்கொண்டால் கூலியும் குறையும், தெருவுக்கே பாதுகாப்பு.