மீன் பார்க்கப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, நன்னீர் மீன்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றாய். மனசு நிறைந்துவிட்டது. கிளம்புமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்.

1. பெயர் கேட்க அவசரப்படாதே. மீன் என்ன செய்கிறது என்று முதலில் பார். அவசரக் கண்ணுக்கு ஆறெல்லாம் ஒரே மீன். சிறுவயதில் எங்கள் ஊர்க் குளத்தில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று மேலே வந்து வந்து போயின. அடியில் பெரிய விரால் காவல் சுற்றியது. "கை வைக்காதே, பார்த்துக்கொண்டே இரு" என்றார் தாய்மாமா. நான் கற்ற முதல் பாடம் அது.

2. பெண்மீனின் கண்ணை மதி. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வற்றிக் கிடந்தது. மறுபடி நிறைந்த பிறகு, நம் ஜிலேபிக் கெண்டைக்கு உறவான சிக்லிட் மீன்கள் அங்கே ஏறத்தாழ 500 இனங்களாகப் பெருகின. அவற்றில் நெருங்கிய இரண்டு இனங்களைப் பார்: ஒன்றின் ஆண் நீலம், மற்றதன் ஆண் சிவப்பு. பெண், ஆணின் நிறம் பார்த்துத்தான் துணை தேடும். ஆய்வுக்கூடத்தில் விளக்கொளியை மாற்றி நிறத்தை மறைத்தபோது அதற்கு ஆண்களைப் பிரித்தறியத் தெரியவில்லை. கழிவு சேர்ந்து ஏரி கலங்கிய இடங்களில் மீன்களின் நிறம் மங்கி, இனங்களும் குறைந்திருப்பதை ஓலே சீஹவுசனும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் எழுதினார்கள். வலை வீசாமல், வெறும் கலங்கலாலேயே ஓர் இனம் கரைந்துபோகலாம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

3. மீனைத் தின்ன வருவதையும் கவனி. கொசுப்புழுவுக்காக நாம் தொட்டியில் விடும் கப்பிதான் டிரினிடாட் தீவின் ஓடைகளிலும் இருக்கிறது. எதிரி மிகுந்த ஓடையில் ஆண் மங்கலாகத்தான் இருக்கும். ஆய்வாளர் ஜான் எண்ட்லர் அவற்றை எதிரி குறைந்த ஓடைக்கு மாற்றினார். இரண்டே ஆண்டுகளில் ஆண்களின் உடம்பில் புள்ளிகள் பெருகி, நிறம் ஏறியது.

4. கணக்குக்கு ஒத்துவராததை அடித்துவிடாதே. டாங்கனிகா ஏரியில் பிற மீன்களின் செதிலைக் கடித்துத் தின்னும் மீனொன்று உண்டு. சிலவற்றுக்கு வாய் இடப்பக்கம் கோணல், சிலவற்றுக்கு வலப்பக்கம். எந்தப் பக்கத்துத் தாக்குதல் அதிகமோ, இரைமீன் அந்தப் பக்கம் உஷாராகிவிடும்; சிறுபான்மைக்கு வயிறு நிறையும். அதனால் இரண்டு வகையும் அழியாமல் நிற்கின்றன. கோணலை ஊனமென்று ஒதுக்கியிருந்தால் இது தெரிந்திருக்காது.

5. எந்த மீனையும் வேற்று நீரில் விடாதே. 1950-களில் விக்டோரியாவில் விட்ட நைல் பெர்ச் மீன், பின்னாளில் பெருகி ஏராளமான சிக்லிட் இனங்களைத் தின்று தீர்த்தது. வீட்டுத் தொட்டி மீன் அலுத்துப்போய் யாராவது ஆற்றில் கொட்ட வந்தால், பொறுமையாகச் சொல்லித் தடுத்துவிடு கண்ணு.