எடைச்சீட்டு பத்திரம்

மாக் மண்டின்,
பட்டர்வொர்த்.

அன்புள்ள மருமகளே,

கடிதம் கிடைத்தது. கூலிமில் அப்பா வைத்திருக்கும் ஆறு ஏக்கர் செம்பனையின் விளைச்சலை நியாய விலை கொடுக்கும் வெளிநாட்டுச் சந்தைக்கு நேரே கொண்டுபோக வழி கேட்டிருக்கிறாய். ஆசை நல்லதுதான். ஆனால் குலை கப்பலேறாது அம்மா. வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போக வேண்டும். கிடந்தால் கொழுப்பமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால்தான் அப்பா பக்கத்துக் கொள்முதல் மேடையான ரேம்ப்பில், அதை நடத்தும் தவ்கே சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டு வருகிறார். அங்கே அவர் காய் ஊரார் காயோடு கலந்துவிடுகிறது. இங்கே பட்டர்வொர்த் துறையில் எண்ணெய் குழாய் வழியாகக் கப்பலில் இறங்கும்போது எந்தச் சொட்டு உங்களுடையது என்று யாருக்கும் தெரியாது.

நல்ல விலை கொடுப்பவன் கேட்பது அந்தச் சொட்டின் பூர்வீகத்தைத்தான். நிலம் யாருடையது? காட்டை அழித்து நட்டதா? வெட்டியவனுக்கு ஒழுங்காகக் கூலி போனதா? 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்து எண்ணெய் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக்கூடாது, தோட்டம் இருக்கும் இடத்தையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்கிறது அவர்கள் சட்டம். அமலாகும் தேதிதான் தள்ளிப்போகிறது, கேள்வி தள்ளிப்போகவில்லை. 2020இல் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. தணிக்கையாளர்களை அமர்த்த அந்த நிறுவனங்களிடம் பணம் இருந்தது. அப்பாவிடம் என்ன இருக்கிறது? எடைச்சீட்டு இருக்கிறது, அதையும் லோரிக்காரனிடமே விட்டுவிடுகிறார்.

நான் ஓர் ஆலையில் எடைமேடைக் கிராணியாக இருந்தவன். இருநூறு கிலோ குறைகிறது என்று ஒருநாள் ஒரு பெரியவர் வந்து நின்றார். பொய் சொல்கிற முகமில்லை. ஆனால் கையில் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பிவிட்டோம். இன்றுவரை உறுத்துகிறது.

இனி கணக்குக்கு வா. காட்டையும் தொழிலாளரையும் கெடுக்காமல் விளைந்த செம்பனை எண்ணெய்க்குச் சான்று தரும் ஆர்எஸ்பிஓ என்ற அமைப்பு 2004இல் தொடங்கியது. சிறு தோட்டக்காரர்களுக்கென்று 2019இல் தனி விதிமுறை கொண்டுவந்தார்கள். அதில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. உங்கள் காய் எந்த ஆலையில் கலந்தாலும் பரவாயில்லை. விதிப்படி விளைந்தது என்ற சான்றை மட்டும், ஒரு டன் எண்ணெய்க்கு ஒரு கிரெடிட் என்று தனியாக விற்கலாம். எங்கோ இருக்கும் சோப்புக் கம்பெனி அதை வாங்கிக்கொள்ளும். எண்ணெய் ஒரு வழி, நற்பெயர் ஒரு வழி. ஏமாற்று வேலை என்பாரும் உண்டு. காயைத் தனியாக ஏற்றிச்செல்ல லோரி இல்லாதவருக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு ஆண்டுக்கு 40 டன் குலை என்று வை. நூற்றுக்கு 20 எண்ணெய் என்றால் 8 டன், எட்டு கிரெடிட். அந்த 2019 விதிப்படி, நுழைந்த கட்டத்தில் 40 விழுக்காடுதான் விற்க முடிந்தது. அடுத்த கட்டத்தில் 70. எல்லா விதியையும் நிறைவேற்றிய பிறகே முழுவதும். அந்தக் கணக்கில், முதலில் கைக்கு வருவது மூன்று கிரெடிட். இதற்காக ஒரு தணிக்கையாளரைக் கூலிமுக்கு அழைத்தால் அவர் பெட்ரோலுக்கே காணாது! அதனால்தான் தனியாளைச் சேர்ப்பதில்லை, குழுவாக வரச் சொல்கிறார்கள்.

குழு என்றதும் அப்பா முகம் சுளிப்பார். அவரிடம் 1960ஐ நினைவுபடுத்து. துரைமார்களின் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது, துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து, உங்கள் கெடாவிலேயே புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். பால்மரம் சீவிய கைகள் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆயின.

குழுவுக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். நம் நாட்டுச் செம்பனைக்கான எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். அதற்காக மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வட்டாரம் வட்டாரமாகச் சிறு தோட்டக்காரர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. உங்கள் வட்டாரத்துக்கான வாரிய அதிகாரியைப் போய்ப் பார். அதே பட்டியலில் இருக்கும் அக்கம்பக்கத்தாரை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடு. கிரெடிட் பேச்சை முதல்நாளே எடுக்காதே. நிலப்பட்டா, லைசென்ஸ், உரம் வாங்கிய பில், கூலி கொடுத்த கணக்கு, இவை எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று மட்டும் கேள். உன் படிப்பு உதவப்போவது அங்கேதான்.

தீபாவளிக்கு வரும்போது இந்த ஆண்டின் எடைச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்து வா. உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா