களிமண் நத்தையை நடக்க வைப்போம்: உங்கள் வீட்டு மாணவருக்கு ஓர் அனிமேஷன் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் சில வாரங்களிலேயே ஒரு புகார் கேட்கும். "எப்போது பார்த்தாலும் கேம்ஸ், இல்லையென்றால் வீடியோ!" என்பதுதான் அது. பிள்ளைகளைத் தடுத்துக் கொண்டிருப்பதைவிட, அவர்களையே ஒரு வீடியோ தயாரிக்கச் சொல்லலாம். கொஞ்சம் கிளே, கேமரா உள்ள ஒரு போன், உங்கள் கம்ப்யூட்டர், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். இவ்வளவு போதும்.

ஸ்டாப் மோஷன் என்றால் என்ன?

பொம்மை தானாக நகர்வதில்லை. அதை நாம் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ எடுக்கிறோம். மீண்டும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ எடுக்கிறோம். இந்தப் போட்டோக்களை வேகமாக, வரிசையாகக் காட்டினால் பொம்மை நடப்பது போலத் தெரியும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே போட்டோவை இரண்டு முறை காட்டினால் வினாடிக்கு 12 போட்டோ போதும். பத்து வினாடிப் படத்திற்கு 120 போட்டோக்கள். இந்தக் கணக்கை மாணவரையே போடச் சொல்லுங்கள். மூன்று நிமிடப் படம் எடுக்கும் ஆசை தானாகக் குறைந்துவிடும்!

இதில் புகழ் பெற்றவர் இங்கிலாந்தின் நிக் பார்க். வாலஸ், குரோமிட் என்ற களிமண் பாத்திரங்களை உருவாக்கியவர். இவர்கள் தோன்றும் முதல் படமான "எ கிராண்ட் டே அவுட்" படத்தை 1982ல் திரைப்படக் கல்லூரி மாணவராக இருந்தபோது தொடங்கினார். 23 நிமிடங்கள் ஓடும் அந்தப் படம் முடிந்தது 1989ல். இதே பாத்திரங்கள் நடித்த முழு நீளப் படம் ஒன்று 2006ல் ஆஸ்கர் விருது பெற்றது. குரோமிட் என்ற அந்த நாய்க்கு வாயே கிடையாது. கோபம், பயம், சலிப்பு எல்லாமே புருவத்தின் அசைவுதான். எனவே முகத்தை அழகாகச் செய்ய வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

தேவையான பொருட்கள்

எண்ணெய் கலந்த மாடலிங் கிளே வாங்குங்கள். ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும். இது காயாது. ஆற்றுக் களிமண் பாதி வேலையிலேயே காய்ந்து வெடித்துவிடும். வெயில் காலத்தில் கிளே இளகினால் பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

முதல் படத்திற்கு நத்தை நல்ல தேர்வு. கால் இல்லாததால் கீழே விழாது. கண்ணுக்கு இரண்டு மிளகு வைக்கலாம். கதையும் சிறியதாக இருக்கட்டும். நத்தை வருகிறது, ஒரு பிஸ்கட்டைப் பார்க்கிறது, தின்கிறது, குண்டாகிவிடுகிறது. அவ்வளவுதான். கதையை நான்கு கட்டங்களில் பென்சிலால் வரைந்து வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சோதனை

கிளேயைத் தொடும் முன் ஒரு ரப்பரை மேசையில் வைத்து, சிறிது சிறிதாக நகர்த்தி 12 போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அதை உடனே கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுங்கள். ஒரு வினாடிதான். ஆனால் ரப்பர் தானாக ஓடுவதைப் பார்த்ததும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்!

இந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் உண்டு. ஒரே அளவில் நகர்த்தினால் மெஷின் போல இருக்கும். தொடக்கத்தில் சிறிது, நடுவில் அதிகம், நிற்கும் முன் மீண்டும் சிறிது என நகர்த்தினால் உயிர் வந்துவிடும். 2 மில்லிமீட்டர், 4, 8, 8, 4, 2 என வைத்துப் பாருங்கள். பஸ் புறப்படுவதும் நிற்பதும் இப்படித்தானே!

போட்டோ எடுக்கும்போது

1. போன் அசையவே கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே நிறுத்துங்கள். கை பட்டு ஆடாமல் இருக்க இரண்டு வினாடி டைமரைப் பயன்படுத்துங்கள்.

2. ஜன்னலை மூடி டேபிள் லைட் போடுங்கள். வெளிச்சம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அடர்ந்த நிறச் சட்டை அணிவது நல்லது. வெள்ளைச் சட்டையில் பட்ட வெளிச்சம் பொம்மை மேல் விழும்.

3. போன் கேமரா ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைத் தானே மாற்றிக் கொள்ளும். அப்படி விட்டால் படம் பழைய டியூப் லைட் போல மினுக்கும். பல போன்களில் திரையில் பொம்மை தெரியும் இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் பூட்டிக் கொள்ளும்.

4. படுக்கை வாட்டத்தில், 16:9 அளவில் எடுங்கள்.

கம்ப்யூட்டரில் இணைப்பது எப்படி?

விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாப்ட் 2017ல் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக ஷாட்கட் என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்திடுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

முதலில் போட்டோக்களை ஒரு புதிய போல்டரில் காப்பி செய்திடுங்கள். கை தெரியும் போட்டோக்களை நீக்குங்கள். எடுத்த வரிசையில் அவற்றை அடுக்கி, முதல் போட்டோவில் ஒரு முறை கிளிக் செய்து, கண்ட்ரோல் கீயுடன் ஏ அழுத்தி, பின் எப்2 அழுத்துங்கள். "நத்தை" என டைப் செய்து என்டர் தட்டினால் விண்டோஸ் எல்லாவற்றிற்கும் 1, 2, 3 என எண் போட்டுவிடும். இந்த எண் வரிசை மிக முக்கியம்.

இப்போது ஷாட்கட்டைத் திறந்து புதிய ப்ராஜக்ட்டுக்குப் பெயர் கொடுங்கள். வீடியோ மோடில் எச்டி 1080பி 24 எப்பிஎஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓப்பன் பைல் மூலம் முதல் போட்டோவை மட்டும் திறந்திடுங்கள். ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் இமேஜ் சீக்வன்ஸ் என்ற கட்டத்தில் டிக் செய்து, ரிப்பீட் என்ற இடத்தில் 2 எனக் கொடுங்கள். வினாடிக்கு 12 போட்டோ என்ற நம் கணக்கு இதுதான். பிறகு டைம்லைன் பகுதியைத் திறந்து அதில் ஒரு கிளிக் செய்து, ஏ கீயை அழுத்தினால் படம் அங்கே வந்து அமரும். ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் எக்ஸ்போர்ட் மூலம் எம்பி4 பைலாகச் சேமியுங்கள். நத்தை பிஸ்கட் தின்னும் சத்தத்தை மாணவரே போனில் பதிவு செய்து சேர்க்கலாம். அப்பளம் கடித்தால் போதும்!

நான் செய்த தவறு

ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். நாள் முழுக்க உட்கார்ந்து 130 போட்டோ எடுத்தான். நடுவில் நத்தையின் ஒரு கொம்பு சாய்ந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை என்று நினைத்து, இரவு அவன் தூங்கியபின் அந்த 20 போட்டோக்களை நீக்கினேன். மினுக்கலைச் சரி செய்தேன், இசை சேர்த்தேன். காலையில் பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

பார்த்துவிட்டு, "நத்தை தூங்கி விழுற சீன் எங்க மாமா?" என்று கேட்டான். கொம்பு சாய்ந்ததை அவன் அப்போதே பார்த்திருக்கிறான். அதைக் கதையாகவே மாற்றிவிட்டான். "இது நல்லா இருக்கு மாமா. ஆனா இது நீங்க எடுத்த படம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

நல்ல வேளையாக, போனில் அசல் போட்டோக்கள் இருந்தன. அடுத்த ஞாயிறு அவனே மவுஸைப் பிடித்தான், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். மினுக்கலோடு, சாய்ந்த கொம்போடு, 11 வினாடிகளில் ஒரு படம் தயாரானது. அதை வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். நான் செய்த அழகான படத்தை அவன் யாருக்கும் காட்டவில்லை.

எனவே சொல்லிக் கொடுப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: போட்டோக்களை அழிக்கும் முன் எப்போதும் ஒரு காப்பி வைத்திருங்கள். எதை அழிப்பது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். வரும் விடுமுறையில் முயன்று பாருங்கள். படத்தின் முடிவில் இயக்குநர் என்று அவர்கள் பெயரைப் போட மறக்க வேண்டாம்.